ஈயப் பலகைக்கு ஒரு நாள் லீவு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்றால் எதிர்மலை தெரியும். பொழுது சாயும் நேரத்தில் அங்கே இருக்கிற பூக்கொட்டகைகள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்ளும். பனி இறங்கிவிட்டால் மலையும் தெரியாது, கொட்டகைகளின் பிளாஸ்டிக் கூரையும் தெரியாது. மஞ்சள் வெளிச்சம் மட்டும் எதிலும் ஒட்டாமல் பாதி வானத்தில் நிற்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரிங்லெட் சாலையோரம் காரை நிறுத்தி அதைப் படம் எடுப்பார்கள். எதற்காக அந்த வெளிச்சம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நிற்கவைத்துச் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் அதிகம் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அது பூவை ஏமாற்றுகிற வெளிச்சம். இரவு நீளமாக இருந்தால் செவ்வந்திச் செடி மொட்டு வைத்துவிடும். அதனால் இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடியும் போட்டு, இன்னும் பகல் முடியவில்லை என்று செடியை நம்பவைக்க வேண்டும். நம்பிவிட்டால் அது மொட்டை மறந்து மேலே மேலே வளரும். நல்ல உயரம் வந்தபின் விளக்கை நிறுத்தினால் நீளத் தண்டில் பூப் பூக்கும். நடுவில் ஓரிரு நாட்கள் விளக்கு எரியாமல் போனால்கூட முழங்கால் உயரத்திலேயே மொட்டு வந்துவிடும். குட்டைத் தண்டுப் பூவை எந்த வியாபாரியும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். அதோடு அந்தப் பயிர் போச்சு.

அந்தக் கொட்டகைகளில் ஒன்று என் வீட்டுக்காரருடையது. அவர் பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே இருந்தவர். அவருடைய அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டார். இவர் முதுகில் மருந்து டின்னைச் சுமந்துகொண்டு மலையெல்லாம் ஏறி இறங்கினார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத்தன வருசமா செடியோடயே கெடக்குறேன். ஒரு செடியாச்சும் என்னோடதுன்னு சொல்ல முடியுமா, சொல்லு."

நான் வாசலில் இருந்த ரோஜாவைக் காட்டினேன்.

"அது பால் டின்னுக்குள்ள நிக்கிது லா. நான் நெலத்துல நிக்கிறதச் சொல்றேன்."

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கொட்டகை போட்டார். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். நான் தொடர்ந்து கொழுந்து வெட்டிக்கொண்டிருந்ததால் வீடு தப்பித்தது. அவருடைய அண்ணன் எங்கள் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை மேய்க்கிற வேலை. தம்பி செய்தது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டு நிற்கிற இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"தவுக்கே ஆகப் போறாராம் தவுக்கே! பாத்துக்கிட்டே இருங்க, தீவாளிக்குள்ள டின்ன தூக்கிக்கிட்டு இங்கதான் வந்து நிக்கப் போறான்."

தவுக்கே என்றால் இங்கே முதலாளி. அந்தச் சொல்லை அவர் இழுத்த இழுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கையில் கொழுந்து வெட்டுகிற கத்திரி வேறு இருந்தது.

அந்த முதல் பயிர் எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று இப்போது புரிந்திருக்கும். அது குட்டையாகப் பூத்துவிட்டால் அவர் மறுபடியும் மருந்து டின்னைத் தூக்க வேண்டும். அதைவிட, "என்னோடது" என்று சொல்லும் ஆசையையே அவர் விட்டுவிடுவார். எனக்கு அந்த மனுஷனைத் தெரியும்.

பிரச்சினை பூவில் வரவில்லை. விளக்கைப் போட்டு அணைக்கிற டைமரில் வந்தது. டவுனில் வாங்கிய டைமர் கொட்டகை ஈரத்தில் கொஞ்ச நாளிலேயே செத்தது. இன்னொன்று வாங்கினார், அதுவும் அப்படியே போனது. ஏன் போகாது? கொட்டகைக்குள் நாள் முழுக்க உரத்தண்ணீர் புகையாக நிற்கிறது. வெளியே பனி. துவைத்த சட்டை காய்வதற்கே எங்கள் மலையில் யோசிக்கும். அவர் சாயங்காலமானால் கொட்டகையில் போய் உட்கார்ந்து கையாலேயே சுவிட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். இருமல் பிடித்துக்கொண்டது.

"நான் ஒண்ணு செஞ்சு தரேன்," என்றேன்.

"என்னா, டைமரா? புட்டு அவிக்கிற மாதிரி சொல்ற?"

கல்யாணத்துக்கு முன்னால் பினாங்கில் ஒரு சர்க்யூட் பலகைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அவருக்கும் அது தெரியும். ஆனால் அங்கே நான் என்ன செய்தேன் என்று அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் நின்றது ஈயம் பூசுகிற வரிசையில். நீளமான தொட்டிகள், மேலே நகரும் கம்பி. கம்பியில் மாட்டிய பலகைகள் ஒவ்வொரு தொட்டியாக இறங்கி ஏறும். உள்ளே போகும்போது செம்பு ரோஸ் நிறத்தில் இருக்கும். வெளியே வரும்போது வெள்ளை. ஷிப்ட் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு நாளும் சலிக்கவில்லை. கூட வேலை செய்த பெண்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். நானோ தூங்கும்போதுகூட அதையே பார்த்தேன். ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று மெதுவாகத் தண்ணீருக்குள் போகும், வெள்ளையாகத் திரும்பி வரும், அவ்வளவுதான் கனவு. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகும் அந்தக் கனவு எப்போதாவது வரும். எழுந்து பார்த்தால் ஜன்னலில் பனி வெள்ளையாக நிற்கும்.

முதல் பலகையைச் செய்தேன். டைமருக்கான சர்க்யூட் படத்தைப் போனில் தேடி எடுத்து, தானா ராத்தா டவுனில் நகல் எடுக்கிற கடையில் வழவழப்புத் தாளில் அச்சடித்து வந்தேன். செம்புத் தகடு ஒட்டிய பலகை மேல் அந்தத் தாளை வைத்து, துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பழுப்பான ஒரு மருந்துத் தண்ணீரில் போட வேண்டும். மை மூடாத செம்பையெல்லாம் அது தின்றுவிடும். மையைத் துடைத்தால் கோடு கோடாகச் செம்புப் பாதைகள் மட்டும் மிச்சம் இருக்கும். அவற்றின் மேல் உதிரிகளைப் பற்றவைத்தேன். மாட்டியதும் ஓடியது. அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் விளக்கு வரவில்லை. நல்லவேளையாக அவர் அங்கேயே இருந்தார், கையால் போட்டுச் சமாளித்தார். பலகையைக் கழற்றி வந்து என்னிடம் கொடுத்தார். தேய்க்காத குத்துவிளக்கு மாதிரி பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு பாதை அறுந்தே போயிருந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. அத்தனை வருஷம் ஈயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு இதுகூடத் தோன்றவில்லையே!

"இதுக்கு ஈயம் பூசணும்," என்றேன்.

"ஈயம் பூசி? ரசம் வைக்கப் போறியா?"

"உங்க வாயில ஊத்தப் போறேன்."

மலைக்குக் கீழே, ஈப்போ பக்கம் போனால் ஈயம் தோண்டி எடுத்த குழிகள் குளங்களாகக் கிடக்கும். ஒரு காலத்தில் இந்த நாடே ஈயத்தில் நின்றதாகச் சொல்வார்கள். ஆனால் எனக்கு வேண்டிய ஈயப்பொடி எந்தக் கடையிலும் இல்லை. போனில் ஆர்டர் செய்தேன். அது தோட்ட ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. பொட்டலத்தின் மேல் ஆச்சரியக்குறி போட்ட சிவப்புக் கட்டம் ஒன்று இருந்தது. எங்கள் கிராணி, ஆபீஸ் எழுத்து வேலை பார்க்கிறவர், அதை மேசையின் கடைசி ஓரத்தில், தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் வைத்திருந்தார்.

"என்னாக்கா இது? பாம்பு மருந்தா?"

"ஈயம், ஐயா. பலகைக்குப் பூசுறதுக்கு."

"பலகைக்கா? பெயிண்ட் அடிச்சா பத்தாதா லா?"

விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். தொட்டியில் தொடங்கி செம்பு, களிம்பு, செவ்வந்தி என்று வந்தபோது அவர் பொட்டலத்தை ஒரு ஸ்கேலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "சரிக்கா, சரிக்கா, எடுத்துக்கிட்டுப் போங்க," என்றார்.

புரட்டாசி பிறந்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. மழை பெய்துகொண்டிருந்தது. லயம் முழுக்கப் பின்பக்கத் தாழ்வாரத்தில் பெண்கள் புளி போட்டு விளக்குத் தேய்த்தார்கள். நானும் ஒரு உருண்டைப் புளியோடு அவர்கள் நடுவில் உட்கார்ந்து புதுப் பலகையைத் தேய்த்தேன். தொழிற்சாலையில் இந்த வேலைக்கு ஒரு அமிலத் தொட்டி இருந்தது. புளி அதைவிட மட்டம் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் காமாட்சி விளக்கையும் என் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒன்னோடது நல்லா பளபளங்குது! சாமிக்கா?"

"பூவுக்கு, அக்கா."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை ஆட்டினார்.

பலகையை அலசி ஒரு சுத்தமான துணியில் வைத்தேன். செம்பு அப்படியே பிறந்த குழந்தையின் பாதம் போல் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு ஈயத் தண்ணீர் போத்தலை எடுத்தேன். எங்கள் குளிரில் பொடி கரையாமல் அடியில் கட்டிப்பட்டுக் கிடந்தது. போத்தலை வெந்நீர் வாளியில் வைத்துக் காத்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கலங்கல் தெளிந்து தண்ணீராயிற்று. அந்த நேரம் பார்த்து அவர் கொட்டகையிலிருந்து வந்தார். வந்தவர் சும்மா இருக்கலாமில்லையா?

"காட்டு, பாப்போம்," என்று பலகையை எடுத்துவிட்டார். கட்டைவிரல் செம்பின் மேல்!

நான் போட்ட கத்தலில் தாழ்வாரத்தில் விளக்குத் தேய்த்த கைகள் எல்லாம் நின்றன. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஈயம் சரியாக ஏறாது. அதிலும் அவர் அன்றைக்கு முழுக்கச் செவ்வந்திப் பக்கக்கிளைகளைக் கிள்ளியிருந்தார். விரலெல்லாம் செடிச் சாறு. பலகையைப் பிடுங்கி மறுபடியும் தேய்த்தேன். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. போதும் என்று ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் ஈயத் தண்ணீரை ஊற்றிப் பலகையை இறக்கினேன்.

அவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரங்களில் ரோஸ் நிறம் மங்கியது. யாரோ உள்ளே இருந்து ஊதுகிறார்கள் என்று தோன்றும்படி வெள்ளை பரவிக்கொண்டே வந்தது. கோடு கோடாக, பாதை பாதையாக. மழைச் சத்தம் கூரையில் இருந்தது, ஆனால் எனக்கு எங்கோ தூரத்தில் கேட்டது. பினாங்கு தொட்டிகளின் மேல் நகர்ந்த கம்பியின் முனகல்தான் பக்கத்தில் கேட்டது. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

"நெலா வெளிச்சம் பட்ட மாதிரி லா," என்றார் கடைசியில். மெதுவாக, சாமி அறையில் பேசுகிற குரலில்.

வெளியே எடுத்தேன். முழுப் பலகையும் வெள்ளை. ஓரத்தில், பாதை எதுவும் இல்லாத அகலமான இடத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை, பழுப்பாக, வட்ட வட்டமாக.

"பாத்தீங்களா? பாத்தீங்களா ஒங்க வேலைய?"

"அதனால கெட்டுப் போயிருமா?"

"கெடாது. ஆனா அசிங்கமா இருக்கு."

அவர் அந்த ரேகையைத் தன் விரலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

உதிரிகளைப் பற்றவைத்து மாட்டியதும் ஈயப் பலகை ஓடியது. பனியிலும் உரத்தண்ணீரிலும் ஓடியது. ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் நின்று பார்ப்பேன். எதிர்மலையில் எங்கள் கொட்டகை சரியான நேரத்துக்கு வெளிச்சமாகும், அணையும், மறுபடி வெளிச்சமாகும். தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பேன். செடிகள் இடுப்பைத் தொட்டன. அவருடைய இருமலும் நின்றது. இன்னும் சில நாட்கள் வெளிச்சம் கிடைத்துவிட்டால் போதும், விளக்கை நிறுத்திவிடலாம் என்றார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தோட்டத்தில் அது பெரிய நாள். ஃபேக்டரி மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவார்கள். லோரிகளின் கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. பூஜையில் வைத்த எதையும் அன்றைக்கு எடுக்கக் கூடாது. கத்திரி, மண்வெட்டி, மோட்டர் என்று நாங்கள் சொல்கிற பைக் எல்லாவற்றுக்கும் மறுநாள் காலைதான் விடுதலை.

நான் வேலை முடிந்து, குளித்து, சுண்டல் தாளித்துவிட்டுச் சாமி மேடைக்கு வந்தேன். என் கத்திரி இருந்தது. அவருடைய மண்வெட்டி, பூ வெட்டும் கத்தி, மருந்துப் பம்பு, மோட்டர் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், வாழையிலை மேல், ஐந்து சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமுமாக என் ஈயப் பலகை!

எனக்கு ஒரு நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. இது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"ஏங்க… இது எப்படி இங்க வந்திச்சி?"

"நாந்தான் கழட்டிக்கிட்டு வந்தேன். ஆயுத பூச லா."

"அப்ப லைட்டு?"

"ஒரு நாள்தானே. நம்ம கொட்டகையில இதவிடப் பெரிய ஆயுதம் எது? இத அங்க வேல வாங்கிக்கிட்டு மம்பட்டிய மட்டும் கும்பிட்டா நல்லாவா இருக்கு?"

"பூவுக்கு ஆயுத பூச தெரியுமா? இருட்டிருச்சின்னா மொட்டு வைக்கும், அதுக்கு அவ்ளோதான் தெரியும்! இன்னும் கொஞ்ச நாளு கெடக்கையில, இப்பப் போய்… ஐயோ, ஈரச் சந்தனத்த எங்க வச்சிருக்கீங்க பாருங்க! பாதைக்குப் பாதை நடுவுல!"

பலகையை எடுக்கக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"இன்னைக்கி அதத் தொடாத."

அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அவர் சின்னவராக இருந்தபோது ஃபேக்டரியில் ஒரு ஆயுத பூஜை அன்று அவசர வேலை என்று மாலை போட்ட மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டிய ஆளின் விரல்கள் போய்விட்டன. அவருடைய அப்பாவுக்குக் கூட்டாளி அந்த ஆள். மாலையோடு மெஷின் சுற்றியதை இவர் கதவோரத்தில் நின்று பார்த்திருக்கிறார். கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்ன கதை. நான் மறந்தே போயிருந்தேன். அவர் மறக்கவில்லை.

வாசலுக்கு வந்தேன். எதிர்மலையில் எல்லாக் கொட்டகையும் எரிந்தது. எங்கள் இடம் மட்டும் விழுந்த பல்லின் இடம் போல இருட்டாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பூவுக்காகவா, அவருக்காகவா என்று தெரியவில்லை. தீவாளிக்குள் டின்னைத் தூக்குவான் என்று அண்ணன் சொன்னது காதிலேயே நின்றது. சாமியாவது பூதமாவது என்று ஏதோ வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் ஜாக்கெட்டை எடுத்து மாட்டினார். டார்ச் லைட்டை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"கொட்டகைக்கு. அது லீவு எடுக்கட்டும். அதோட வேலைய நான் பாக்குறேன்."

மோட்டர் சாவியும் பூஜையில்தான் இருந்தது. அதனால் நடந்தே புறப்பட்டார். ஆற்றுப் பாலம் தாண்டி மேலே ஏற வேண்டும், ஈரப் பாதை.

"அப்ப ஒங்களுக்கு மட்டும் லீவு இல்லியா?" என்று முதுகுக்குப் பின்னால் கத்தினேன்.

"நான் என்னா ஆயுதமா லா?" என்றார். திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் இறங்கிவிட்டார்.

அந்தப் பதில் எனக்கு வெகுநேரம் நெஞ்சில் நின்றது. அவருடைய அப்பா, அண்ணன், இவர், நான், எங்கள் லயத்து ஆட்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். மெஷினுக்கு மாலை போட்ட பிறகு எண்ணெய்த் தரையைக் கழுவியது எப்போதும் யார் என்று நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு உயிரே வந்தது. அது எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. என்ன, உட்கார்ந்தபடி அசந்துவிட்டாரா? பிறகு சட்டென்று அணைந்தது. உடனே மறுபடியும் வந்தது. மனுஷனுக்குக் கையில் வாட்ச் கிடையாது, மனசுக்குள்ளேயே கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது. பனிக்குள் எங்கள் கொட்டகை மட்டும் தாளம் தப்பித் தப்பி மின்னியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அப்போது சுண்டல் வாங்க அவருடைய அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடி எதிர்மலையைப் பார்த்தார்.

"என்னாம்மா, தவுக்கே வீட்டு லைட்டு பேய் புடிச்ச மாதிரி எரியிது?"

எனக்கு வந்ததே ஆத்திரம். பலகை, பூஜை, மோட்டர் சாவி, நடந்து போனது, "நான் என்னா ஆயுதமா" என்றது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். "மாமா, ஒங்க தம்பிக்கு ஒரே ஒரு செடி தன்னோடதா இருக்கணுமாம். அத ஒங்களால பொறுக்க முடியலன்னா பரவால்ல, சிரிக்காமயாச்சும் இருங்க!" என்றேன். அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. சொல்லி முடித்ததும் எனக்கே பயமாக இருந்தது.

அவர் சாமி மேடைப் பக்கம் தலையை நீட்டி, பொட்டு வைத்த பலகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அவனுக்கும் கொஞ்சம் சுண்டல் கட்டிக் குடும்மா," என்றார். கட்டிக் கொடுத்தேன். அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பாலத்துப் பக்கம் நடந்தார்.

நான் வாசல்படியிலேயே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி ஏறிக்கொண்டே வந்தது. லயத்து விளக்குகள்கூட மங்கிவிட்டன. எதிரில் அந்த ஒரு வெளிச்சம் மட்டும் தாறுமாறாக வந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அது ஒழுங்காயிற்று. எரிந்தது, அணைந்தது, எரிந்தது, அணைந்தது. பலகை இருந்தபோது எப்படியோ அப்படியே, ஒரு துளி முன்னே பின்னே இல்லாமல். அண்ணன் கையில் எப்போதும் வாட்ச் இருக்கும். எத்தனையோ வருஷமாக ஆட்களின் நேரத்தைப் பார்த்த வாட்ச் அது. இரண்டு பேரும் அங்கே உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேசியிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

காலையில் பலகையை எடுத்துப் பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தேன். அடியில் ஈயம் அப்படியே வெள்ளையாக இருந்தது. வெறும் செம்பாக இருந்திருந்தால் ராத்திரிக்குள் கறை ஏறியிருக்கும். அவருடைய கட்டைவிரல் ரேகை மட்டும் லேசாகப் பச்சை பிடித்திருந்தது. நன்றாக அலசி, அடுப்படியில் காயவைத்து, அவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மோட்டரில் ஏறினார். சில நாட்கள் கழித்து விளக்கை நிறுத்தினோம். எங்கள் கொட்டகை இரவோடு சேர்ந்து இருட்டிற்று. இந்த முறை அந்த இருட்டைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தீவாளி போனது. அவர் டின்னைத் தூக்கவில்லை. பொங்கல் நெருங்கிய ஒரு விடியலில் பூ ஏற்ற லோரி வந்தது. கொட்டகைக்குள் மார்பளவு உயரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகச் செவ்வந்தி நின்றது. குட்டைத் தண்டு ஒன்றுகூட இல்லை. பனி உள்ளே வந்து பூக்களுக்கு மேல் படுத்திருந்தது. பூ எது பனி எது என்று பிரிக்கத் தெரியாத வெளிச்சம். நான் கட்டுகளைத் தாளில் சுற்றினேன். அண்ணன் கூப்பிடாமலே வந்து பெட்டி தூக்கினார். மண்டோர் தொப்பியும் வாட்சுமாக அவர்தான் பார்ப்பதற்குப் பெரிய ஆளாகத் தெரிந்தார். லோரிக்காரத் தம்பி நேராக அவரிடம் போனான்.

"அண்ணே, தவுக்கே நீங்கதானே? பூ சூப்பர் லா! யாரு பேருல ஏத்துறது?"

அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் கையைக் காட்டினார். இந்த முறை அந்தச் சொல்லை அவர் இழுக்கவில்லை.

"தவுக்கே அங்க நிக்கிறாரு பாரு. அவரையே கேளு."

என் வீட்டுக்காரர் சட்டென்று திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை. அவருடைய செடிகள்தான் நின்றன.